வண்டு வண்டைத் தின்னாது

சென்ற ஐப்பசியில், இரண்டு நாள் மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரைத் தாண்டி மேலணைக் காப்புக்காட்டின் ஓரமாக நானும் நண்பர் ஒருவரும் நடந்துகொண்டிருந்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு ஒடுங்கிக்கொண்டே போகும் பகுதி அது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, நாம் முக்கொம்பு என்று சொல்லும் இடம், அங்கிருந்து இன்னும் மேற்கே. 2015இல் வனத்துறை இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. வந்த கூட்டம் சிமெண்டு வண்ணத்துப்பூச்சிகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால் வெளியே மூங்கில் புதர்களும் எருக்கும் பட்டுப்போன மரங்களும் அவற்றை நம்பி வாழும் உயிர்களும் இன்னும் நிம்மதியாகவே இருக்கின்றன.

காய்ந்த கொம்பு ஒன்றின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் பருமன், அடர்ந்த கறுப்பு ரோமம், வெயில் பட்டபோது இறக்கைகளில் ஊதாச் சாயல். நண்பர் மகளோடு இங்கிலாந்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். பார்த்த மாத்திரத்தில் “பம்பிள் பீ!” என்றார். நான்கைந்து படங்கள் எடுத்தார். கைபேசியில் இருந்த செயலி ஒன்றும் அவரை ஆமோதித்தது. வீடு போய்ச் சேருவதற்குள் ‘ஸ்ரீரங்கத்தில் பம்பிள் பீ’ என்ற தலைப்போடு அந்தப் படம் நாற்பது ஐம்பது பேருக்குப் போய்விட்டது.

ஆனால் அதற்கு முன்பே, அந்த இடத்திலேயே, விஷயம் உடைந்துபோயிருந்தது. சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவர் எங்கள் பரபரப்பைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். “என்னங்கய்யா அங்க?” என்றார். “வண்டும்மா, பெரிய வண்டு” என்று காட்டினேன். கண்ணைச் சுருக்கி ஒரு கணம் பார்த்தார். “அது எதையோ புடிச்சு வச்சுக்கிட்டு உறிஞ்சுதுங்களே. வண்டு வண்டத் திங்குமாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆட்டுப்பக்கம் போய்விட்டார். அப்போதுதான் நாங்கள் அதன் கால்களைப் பார்த்தோம். கால்களுக்கு நடுவே ஒரு சிறு தேனீ சுருண்டு கிடந்தது.

நண்பர் பிறரைப் போல் கண்ணில் பட்டதைச் சொன்னவர். செயலியும் தான் கற்ற படங்களை வைத்துச் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குத்தான் மன்னிப்பு இல்லை. பல வருஷங்களுக்கு முன்பு ஐரோப்பியச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்தபோது அதில் வந்த பம்பிள் பீயைக் ‘கருவண்டு’ என்று எழுதியவன் நான். அதைப் பாராட்டிக்கூட ஒருவர் கடிதம் எழுதினார், மண்வாசனையோடு இருக்கிறதாம். குளிரில் உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, பனி விலகாத விடியலில் பூவுக்குப் பூ போகும் அந்தக் குண்டுப் பிராணியின் இடத்தில், நம் ஊர் உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டைக் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தேன். கதையில் அந்த ஈரக் குளிர்தான் முக்கியம். அது என் மொழிபெயர்ப்பில் போயே போய்விட்டது.

பம்பிள் பீ இந்தியாவில் இல்லாத உயிர் அல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவை இமயத்தின் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் வாழ்கின்றன. குளிருக்கென்றே உருவான உடல் அவற்றுடையது. காவிரிக் கரையின் வெயிலுக்கு அந்த ரோமக் கம்பளி பொருந்தாது. ஆகவே திருச்சியில் ஒருவர் பம்பிள் பீயைப் பார்த்தேன் என்று சொன்னால், பெரும்பாலும் அவர் பார்த்தது தச்சுத்தேனீயாக இருக்கும். ‘சைலோகோப்பா’ என்பது அதன் பேரினப் பெயர். கிரேக்கத்தில் மரம் வெட்டி என்று பொருள். நாம் கருவண்டு என்பதும், ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் கைமரத்தில் துளை போட்டு மரத்தூளைத் திண்ணையில் கொட்டுவதும் அதுதான். அதில் ஓர் இனத்தின் பெண் கறுப்பு உடலும் மஞ்சள் மார்புமாக இருக்கும். ஆணோ தலை முதல் கால் வரை பொன்னிறம். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆங்கிலப் பாடநூல் படித்த கண்ணுக்கு அந்த மஞ்சள் மார்பு பம்பிள் பீயாகத் தெரிவதில் வியப்பில்லை.

எங்கள் கொம்பு நுனியில் இருந்தது அதுவும் இல்லை. அம்மாள் சொன்னது சரி. கருவண்டு தேனும் மகரந்தமும் தின்று வாழ்வது. இன்னொரு பூச்சியைப் பிடித்துச் சாறு உறிஞ்சாது. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தேனீக்கும் குளவிக்கும் இறக்கை இரண்டு இணை. ஈக்கு ஓர் இணைதான். பின் இணை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடல் சாயாமல் காப்பவை அவை. இறக்கை மடங்கியிருந்த படங்களில் எண்ணிக்கை பிடிபடவில்லை. தேனீயின் இறக்கைகள் கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் அங்கேயும் நாலு இரண்டாகத் தெரியும்; ஆகவே இறக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். உணர்கொம்புகளைப் பார்க்கவேண்டும். தேனீக்கு அவை முழங்கைபோல மடிந்து நீண்டிருக்கும். எங்கள் பூச்சிக்கு இருந்ததோ குட்டையான இரண்டு குச்சிகள். முகத்தில் முரட்டு மயிர்களாலான தாடி. பிடிபட்ட இரை துடிக்கும்போது கண்ணிலும் முகத்திலும் படாமலிருக்க உதவும் தாடி என்பார்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே உச்சந்தலையில் ஒரு பள்ளம். கீழ்நோக்கிக் கத்திபோல ஓர் உறிஞ்சுகுழல்.

சந்தேகத்துக்கு இடமில்லை. அது ஓர் ஈ. ஆங்கிலத்தில் கொள்ளைக்கார ஈ என்று பொருள்படும் பெயரில் வழங்கும் அசிலிடே குடும்பத்தது. பறக்கும் பூச்சியைப் பறந்தே பிடித்து, உமிழ்நீரைச் செலுத்திச் செயலிழக்கவைத்து, உள்ளே கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும் குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் ‘ஹைப்பரெக்கியா’ என்று ஒரு பேரினம் இருக்கிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறது. இந்தியாவில் அறியப்பட்ட இனத்துக்கு 1849இல் வாக்கர் இட்ட பெயருக்கே கருவண்டு வடிவினது என்றுதான் பொருள். ஊதாச் சாயல் இறக்கையும் கறுப்பு ரோமமும் தடித்த பின்னங்கால்களும் அச்சாக அப்படியே. ஆனால் உருவத்தோடு கதை முடியவில்லை. இந்த ஈயின் புழு வளர்வது கருவண்டு மரத்தில் குடைந்த சுரங்கத்துக்குள். அங்கே கருவண்டு தன் பிள்ளைகளுக்காக மகரந்த உருண்டை செய்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டுப் போகிறது. ஈயின் புழு அந்தக் கருவண்டுப் புழுக்களைத் தின்று வளர்கிறது. ஆக்ஸ்போர்டின் பூல்டன் 1924இல் இந்த உறவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தாயின் உருவத்தில் வந்து பிள்ளையைத் தின்னும் பாத்திரம் நமக்குப் புதிதல்ல. ஆயர்பாடிக் கதையில் பூதனை இருக்கிறாள். ஆனால் இந்த ஒப்புமையை நான் அதிகம் இழுக்க விரும்பவில்லை. ஏனென்றால் ஈ அந்த உருவத்தை எடுத்தது கருவண்டை ஏமாற்றத்தானா என்பதே வழக்கில் இருக்கும் கேள்வி.

இரண்டு கட்சிகள் உண்டு. வேடம் வீட்டுக்காரனை ஏமாற்றுவதற்கு என்பது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிர்பியும் ஸ்பென்ஸும் ஐரோப்பாவின் பம்பிள் பீ வேட ஈயைப் பற்றி இப்படித்தான் எண்ணினார்கள். ‘வொலுசெல்லா பாம்பிலான்ஸ்’ என்ற அந்த ஈயின் புழுக்கள் பம்பிள் பீக் கூட்டுக்குள்ளேதான் வளர்கின்றன. வெவ்வேறு நிறப் பம்பிள் பீக்களுக்கு ஏற்ப அந்த ஈயிலும் வெவ்வேறு நிற வடிவங்கள் உண்டு. மற்றக் கட்சி, 1862இல் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து ஹென்றி பேட்ஸ் சொன்னது: வேடம் பார்வையாளனுக்காக, அதாவது பறவைக்காக. ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை அதே உருவத்தில் எது வந்தாலும் ஒதுங்கிப்போகும். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. கருவண்டின் சுரங்கம் கும்மிருட்டு. உள்ளே நிறத்தைப் பார்க்க யாரும் இல்லை. வெளியே கொம்பு நுனியில் பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இந்த ஈக்கு வேடம் தேவைப்படுகிறது. கருவண்டிலேயே ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. பெண் சம்பாதித்த பெயரில் காலம் தள்ளும் ஆண் அது. ஈயும் அதே கடைக்கணக்கில் கடன் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேடம் மனிதனை ஏமாற்றிய வரலாறு இன்னும் பழையது. செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று மத்தியதரைக் கடல் நாடுகள் பல நூற்றாண்டுகள் நம்பின. வர்ஜில் தன் வேளாண் காவியத்தின் நான்காம் பகுதியில் அதற்கான முறையையே விவரித்தார். அழுகும் நீரில் புழுவாக வளர்ந்து தேனீ வடிவில் எழுந்து பறக்கும் ஈ ஒன்றைத்தான் அவர்கள் தேனீ என்று எண்ணிக்கொண்டார்கள் என்பதை 1894இல் ஓஸ்டென் சாக்கென் எடுத்துக் காட்டினார். அந்த ஈயின் உறவினங்களை நம் ஊர்ச் சாக்கடை ஓரத்துச் செடிகளிலும் பார்க்கலாம். சிலவற்றின் கண்ணில் கோடுகூட உண்டு. ஒருவராவது இறக்கையை எண்ணியிருக்கலாம். இரண்டாயிரம் வருஷம் எண்ணவில்லை.

இந்த இடத்தில் தமிழ் ஒரு வேடிக்கை செய்கிறது. நம் மொழியில் தேனீயே ஓர் ஈதான். தேன் ஈ. கொட்டுவதையும் மொய்ப்பதையும் ஒரே குலத்தில் வைத்துவிட்டோம். ‘ஈ தேனீ வேடம் போடுகிறது’ என்று தமிழில் சொன்னால் கேட்பவர் சிரிக்கமாட்டார். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். மறுபக்கம் ‘வண்டு’ என்ற சொல் சாணம் உருட்டுவதையும், நெல்லைத் துளைப்பதையும், தேன் குடிப்பதையும், மாம்பழத்துக்குள் இருப்பதையும் ஒன்றாகச் சுமக்கிறது. பழைய நூல்களில் அப்படி இல்லை. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று தனித்தனிச் சொற்கள் அங்கே உண்டு. சில பாடல்களில் இவை அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றே மற்றொன்று என்றால் அடுக்கவேண்டிய தேவை இல்லை. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களில் வைக்கிறது. கறையானும் எறும்பும் அதற்கு ஒரு படி கீழே. பார்த்து வகைப்படுத்திய கண் அது. நமக்குச் சம்மதமில்லாத வகைப்பாடாக இருந்தாலும். உரைகாரர் காலத்துக்கு வரும்போது எல்லாவற்றுக்கும் ‘வண்டு’ என்றோ ‘வண்டில் ஒரு சாதி’ என்றோ எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். இன்று தும்பி என்றால் மழைக்கு முன் தாழப் பறக்கும் தட்டான்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் தும்பியை விளித்துக் கூந்தலின் மணத்தைப் பற்றிக் கேட்கிறான். அந்தப் பாட்டை ஒட்டிச் சொக்கநாதருக்கும் நக்கீரருக்கும் நடந்ததாகச் சொல்லும் வழக்கைத் திருவிளையாடலிலும் திரைப்படத்திலும் அறிவோம். கூந்தலுக்கு மணம் உண்டா என்று இத்தனை நூற்றாண்டாக வாதாடிய நாம், சாட்சிக் கூண்டில் ஏறிய தும்பி யார் என்று கேட்கவே இல்லை. நான் மாணவர்களிடம் பேசும்போது தட்டானைக் கற்பனை செய்துகொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பூவோடு எந்தத் தொடர்பும் இல்லாத, கொசுவைத் தின்று வாழும் தட்டானிடம் போய் ஒரு தலைவன் பூமணம் கேட்டால், பாட்டு கேலிக்கூத்தாகிவிடும்.

சங்கப் பாடல்களில் மூங்கிலைத் துளையிடும் தும்பியும் வருகிறது. அந்தத் துளையில் மேல்காற்று புகுந்து குழலாக ஒலிக்கும். தேனீ மூங்கிலைத் துளைக்காது, தட்டான் துளைக்காது. காய்ந்த மூங்கிலையும் பட்ட மரத்தையும் வட்டமாகத் துளைத்துக் குடிபுகுவது தச்சுத்தேனீ. ஆக அந்த இடத்திலாவது தும்பி என்பது கருவண்டுதான் என்று நான் துணிந்து சொல்வேன். குறுந்தொகைத் தும்பியும் அதுவே என்று சொல்லத் துணியமாட்டேன். சான்று மூங்கில்வரைதான் வருகிறது.

இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த கவிஞர் ஒருவர், இலக்கியம் என்ன விலங்கியல் தேர்வா என்று கேட்டார். கவிதையில் ‘ஒரு பறவை’ என்று இருந்தால் போதாதா, பெயரில் என்ன வந்தது? சில கவிதைகளுக்குப் போதும்தான். ஆனால் நம் நவீன எழுத்தில் ‘பெயர் தெரியாத பூ’, ‘ஏதோ ஒரு பூச்சி’ ஆகியவை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால், அது அழகியல் தேர்வு என்று நம்புவது கடினம். பறவைகளுக்காவது க. ரத்னம் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்துக் கொடுத்தார். தியடோர் பாஸ்கரன் சூழலியலைத் தமிழிலேயே பேசமுடியும் என்று பல்லாண்டுகளாக எழுதிக் காட்டிவருகிறார். செடிகளில் திருச்சிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்: தூய வளனார் கல்லூரியில் 1967இல் கே. எம். மாத்யூ அடிகள் நிறுவிய ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் அங்கிருந்துதான் 1980களில் வந்தது. எருக்கம்பூவை ஒருவர் தவறாகச் சொன்னால் திருத்துவதற்கு ஊருக்குள்ளேயே ஓர் அலமாரி உண்டு.

ஈக்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றி 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதிய என்ரிக்கோ புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். கொள்ளைக்கார ஈக்களுக்கென ஜோசப், பரூயி இருவரின் தொகுதியை இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்டது 1998இல். அதற்கும் முன்னால் போனால், தரங்கம்பாடியில் இருந்த கோனிக் அனுப்பிய பூச்சிகளுக்கு டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் இருந்துகொண்டு பாப்ரீசியஸ் பெயர் வைத்த காலம் வரும். நம் கரையில் பிடித்தது, அங்கே பெயர் பெற்றது. தமிழுக்கு மட்டும் எதுவும் திரும்பி வரவில்லை.

பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘கொள்ளைக்கார ஈ’ என்பதைக்கூட நான் ஆங்கிலத்திலிருந்து தூக்கி வந்துதான் வைத்திருக்கிறேன். மேலூர்ப் பக்கத்தில் யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருக்கக்கூடும். பம்பிள் பீக்கு நாமாக ஒரு பெயரைச் செய்யவேண்டாம் என்பது இப்போது என் கட்சி. அது நம் சமவெளியில் இல்லை. இல்லாததற்கு இருப்பதன் பெயரைக் கொடுத்தால் இருப்பது பெயரிழந்து நிற்கும். ‘பம்பிள் பீ’ என்று அப்படியே எழுதலாம், ஸ்ட்ராபெரி என்று எழுதுவதைப்போல. என் பழைய மொழிபெயர்ப்பு மறுபதிப்பு வந்தால் அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் மாற்றுவேன்.

பெயரோடு கூடவே ஒரு கணக்கும் வருகிறது. ஆவிரம் பூவிலும் கொன்றையிலும் மகரந்தம் சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். உடலை அதிரவைத்து உதிர்த்துக்கொள்ளும் வித்தை கருவண்டுக்குத் தெரியும், தேனீக்குத் தெரியாது. எருக்கங்காய் காய்ப்பதிலும் கருவண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கருவண்டுக்கு வேண்டியது பட்ட மரமும் காய்ந்த மூங்கிலும். ‘தூய்மைப்படுத்துகிறோம்’ என்று முதலில் அப்புறப்படுத்தப்படுவதும் அவைதான். அந்த ஈ அங்கே வேட்டையாடிக்கொண்டிருந்தது என்றால், அதன் புழு வளரும் அளவுக்குக் கருவண்டுகள் பக்கத்தில் எங்கோ பெருகியிருக்கின்றன; அவை பெருகும் அளவுக்குக் காய்ந்த மரம் இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது. ‘பம்பிள் பீ’ என்று எழுதி அனுப்பிய படத்தில் இதில் ஒன்றும் இல்லை.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் படத்தில் இருப்பது ஹைப்பரெக்கியாதான் என்று நான் எழுதவில்லை. படம் குடும்பத்தை உறுதி செய்கிறது, பேரினத்தைச் சுட்டுகிறது. இனத்தை முடிவு செய்ய மாதிரியை ஊசியில் குத்தி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இறக்கை நரம்பைப் பார்க்கவேண்டும். அதற்காக அதைக் கொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. நண்பர் தன் குழுவுக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்: ‘பம்பிள் பீ அல்ல. தேனீயும் அல்ல. கருவண்டு போன்ற ஓர் ஈ.’ முதல் படத்துக்கு வந்த இதயக் குறிகளில் பாதிகூட இதற்கு வரவில்லை. ஒருவர் மட்டும், ‘ஈயா? சே!’ என்று பதில் எழுதியிருந்தார்.

மார்கழியில் மறுபடி போனோம். கொம்பு அப்படியே இருந்தது. நுனியில் யாரும் இல்லை. அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தபோது இடுப்பு உயரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஒரு துளை இருந்தது. கீழே வேரின்மேல் புது மரத்தூள். நண்பர் காதை வைத்துக் கேட்டார். உள்ளே வளர்வது கருவண்டின் பிள்ளையா, ஈயின் பிள்ளையா என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.